பிரவுன் ஷீட் போட்ட பெட்டி

இருபத்திரண்டு வருஷமாக நான் பர்சேஸ் டிபார்ட்மென்ட்டில் இருக்கிறேன். ஒரு வாஷர் வாங்குவதென்றாலும் மூன்று கொட்டேஷன் இல்லாமல் கையெழுத்துப் போட மாட்டேன். அப்பேர்ப்பட்ட நான் என் மச்சான் பிரிட்டோவுக்கு ஒரு பரிசு வாங்கிக் கொடுத்த லட்சணத்தைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். சிரிக்கிறவர்கள் தாராளமாகச் சிரிக்கலாம். என் மனைவி ரேஷ்மா மட்டும் இன்னும் சிரிக்கவில்லை.

பிரிட்டோ ரேஷ்மாவின் தம்பி. லிஃப்ட் சர்வீஸ் வேலை, சிட்லபாக்கத்தில் வீடு. வயது நாற்பத்தொன்று. ஆனால் போன ஞாயிற்றுக்கிழமைதான் அவனுக்கு முதல் பிறந்த நாள். குடியை விட்டவர்கள் வாரா வாரம் கூடும் கூட்டத்தில் அப்படித்தான் கணக்கு. கடைசியாகக் குடித்த நாளுக்கு மறுநாள் பிறக்கிறார்கள். ஒரு வருஷம் தாண்டினால் கேக், ஒற்றை மெழுகுவர்த்தி, ஒரு பித்தளை மெடல். அந்த மெடலை யார் கையால் வாங்க வேண்டும் என்பதைப் பிறந்த நாள்காரரே சொல்ல வேண்டும். பிரிட்டோ என் பெயரைச் சொல்லியிருந்தான்.

அதற்குக் காரணம் இருந்தது. போன வருஷம் அவனைத் தாம்பரம் தாண்டி ஒரு மறுவாழ்வு மையத்தில் சேர்த்த அன்று, ரேஷ்மாவும் பிரிட்டோவின் மனைவி அருள்மேரியும் வாசல் பெஞ்சில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார்கள். நான் சும்மா இருந்திருக்கலாம். என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. ஆனாலும் எழுந்து நின்று, மேடையில் பேசுகிறவன் குரலில், "இன்னையிலருந்து நானும் நிறுத்திட்டேன். அவன் தொடாத வரைக்கும் நானும் தொட மாட்டேன்" என்று அறிவித்தேன். அருள்மேரி எழுந்து என்னைப் பார்த்துக் கைகூப்பினாள். "அண்ணா, இது போதும்ணா" என்றாள். அன்றைக்கு வீட்டில் எனக்கு மட்டன் சுக்கா. ரெண்டாவது தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

பதினோரு நாள் தாக்குப் பிடித்தேன். பன்னிரண்டாவது நாள் ஆபீஸில் ஆடிட் முடிந்தது. ஆடிட் முடிந்த நாளைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று எனக்கு நானே ஒரு சர்க்குலர் போட்டுக்கொண்டேன். அப்புறம் மழை பெய்த நாள், மழை பெய்யாத நாள் என்று சர்க்குலர்கள் தொடர்ந்தன. கீழ்க்கட்டளையில் எங்கள் அபார்ட்மென்ட்டின் கார் பார்க்கிங்தான் என் பார். "லேப்டாப் பையை எடுத்துட்டு வந்துடறேன்" என்று இறங்குவேன். ஒரு பையை எடுக்க இருபத்தைந்து நிமிஷம் ஆகிற ஒரே மனுஷன் நான்தான். வாயில் ஏலக்காயோடு திரும்புவேன். டீயில் ஏலக்காய் போட்டால்கூட எடுத்து வைக்கிற ஆளாக இருந்தேன் நான். ரேஷ்மா அதைக்கூடக் குடியை நிறுத்தினதால் வந்த மாற்றம் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

இதில் ஒரு சிக்கல், பிரிட்டோ தினமும் சாயங்காலம் ஏழு மணிக்கு எனக்கு போன் பண்ணுவான். ஏழு மணிதான் அவனுக்குக் கண்டம். வேலை முடிந்து பைக் தானாக டாஸ்மாக் பக்கம் திரும்புகிற நேரம். "மாமா, எனக்கு இன்னைக்கு ஆச்சு. உங்களுக்கு?" என்பான். "எனக்கும் ஆச்சுடா" என்பேன். குடிக்காமல் ஒரு நாள் ஓடியது என்று அர்த்தம். அவ்வளவுதான் பேச்சு. ஒரு தடவை ஹோட்டல் அறையில் நண்பர் ஒருவருக்கு செண்ட் ஆஃப். கையில் கிளாஸ். போனைப் பார்த்ததும் பாத்ரூமுக்குள் ஓடிப்போய்ப் பேசினேன்.

"என்ன மாமா, குரல் எக்கோ அடிக்குது?"

"கான்ஃபரன்ஸ் ரூம்டா" என்றேன்.

ஜூன் மாதம் ஒருநாள் ஐந்து மணிக்கே போன் வந்தது. பல்லாவரத்தில் ஒரு லிஃப்டுக்குள் நாலு மணி நேரம் மாட்டிக்கொண்டு வேலை பார்த்திருக்கிறான். "மாமா, கடை வாசல்ல நிக்கிறேன். நீங்க எப்படி சமாளிக்கிறீங்க?" என்று கேட்டான். நான் உடனே நிபுணன் ஆகிவிட்டேன். தண்ணீர் குடி, வண்டியை எடு, நேராக சிட்லபாக்கம் ஏரிக்குப் போ, ரெண்டு சுற்று நட, எனக்கும் அப்படித்தான் போகுது என்றேன். அவன் போனான். நடந்தான். தப்பித்தான். ஒரு உயிரைக் காப்பாற்றிய சந்தோஷத்தில் நான் பார்க்கிங்கில் இறங்கி ரெண்டு பெக் போட்டேன்.

இப்போது பரிசு விஷயத்துக்கு வருகிறேன். "சும்மா ஏதாவது வாங்காதீங்க. அவனுக்கு ஏத்த மாதிரி யோசிச்சு வாங்குங்க" என்றாள் ரேஷ்மா. யோசிப்பது என்றால் எனக்கு எக்செல். ஒரு ஷீட் திறந்து பொருள், பயன், அபாயம் என்று மூன்று கட்டம் போட்டேன். சென்ட் பாட்டிலில் பாதி ஆல்கஹால்தான், கோடு போட்டு அடித்துவிட்டேன். ஆறு கண்ணாடி டம்ளர் செட் நன்றாக இருந்தது. ரேஷ்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள். அதையும் அடித்தேன். வாட்ச் வாங்கினால் ஏழு மணியைத்தான் இன்னும் துல்லியமாகக் காட்டும். குடியை விடுவது எப்படி என்ற புத்தகம் ஏற்கெனவே ஐந்து பேர் கொடுத்திருக்கிறார்கள். அதில் ஒன்று அருள்மேரி வீட்டு ஃபிரிட்ஜின் ஆடும் காலுக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருக்கிறது. குரோம்பேட்டை பேக்கரியில் பிளம் கேக்கைக் காட்டி, "இதுல ரம் இருக்கா?" என்று சந்தேகத்தோடு கேட்டேன். கடைக்காரர் நெஞ்சை நிமிர்த்தி, "ஒரிஜினல் சார். மூணு மாசம் ஊற வச்சது. மூடியத் தொறந்தாலே ஏறும்" என்றார். நான் கொஞ்ச நேரம் அங்கேயே நின்று வாசனை பிடித்துவிட்டுத்தான் வெளியே வந்தேன்.

கடைசியில் எனக்கே ஒரு நல்ல யோசனை வந்தது. இதை மட்டும் நான் பெருமையாகவே சொல்வேன். பிரிட்டோ இப்போது தினமும் ஏழு மணிக்கு ஏரிக்கரையில் நடக்கிறான். கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது, எதையாவது பிடிக்கச் சொல்கிறது என்று ஒருமுறை சொல்லியிருந்தான். கையில் பிடிக்க ஒரு ஸ்டீல் ஃபிளாஸ்க், அதில் சூடாக இஞ்சி டீ. ரேஷ்மாவிடம் சொன்னபோது அவள் கண் கலங்கிவிட்டது. "உங்களுக்குத்தான் அவன் கஷ்டம் புரியுது" என்றாள். ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒரு கடையில் ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம். நீல ஃபிளாஸ்க் பிரிட்டோவுக்கு. கறுப்பு எனக்கு. உள்ளே என்ன இருக்கிறதென்று வெளியே தெரியாத, மூடினால் வாசனை வராத ஒரு பாத்திரம் எனக்கு இலவசமாகவே கிடைத்ததை நான் தெய்வச் செயலாக எடுத்துக்கொண்டேன்.

இலவசம் என்ற ஸ்டிக்கர் பெட்டியின் நாலு பக்கமும் ஒட்டியிருந்தது. ஆஃபரில் வாங்கியது தெரிந்தால் மரியாதை என்ன ஆவது? அதனால் வேறு பெட்டி தேடினேன். எங்கள் வீட்டில் நல்ல அட்டைப் பெட்டி எதுவும் குப்பைக்குப் போகாது. பிரின்டருக்குப் பின்னால் பழைய சார்ஜர்கள் போட்டு வைத்த ஒரு பெட்டி இருந்தது. உயரம், கெட்டி அட்டை. பள்ளிக்கூட நோட்டுக்குப் போடுகிற மாதிரி பிரவுன் ஷீட் போட்டு, மேலே 'சார்ஜர்' என்று என் கையெழுத்திலேயே எழுதியிருந்தது. வயர்களைக் கொட்டிவிட்டு ஃபிளாஸ்க்கை உள்ளே இறக்கினேன். அளவெடுத்துச் செய்தது போல் உட்கார்ந்தது. அதன் மேல் ஜிகினாப் பேப்பர் சுற்றி ரிப்பன் கட்டினேன். அது ஏன் அவ்வளவு கச்சிதமாக உட்கார்ந்தது என்று மட்டும் நான் யோசிக்கவில்லை.

கூட்டம் அஸ்தினாபுரத்தில் ஒரு சர்ச்சின் பின்பக்க ஹாலில் நடக்கும். நாங்கள் போனபோது முப்பது பேர் இருந்தார்கள். ரேஷ்மா பட்டுப் புடவை கட்டியிருந்தாள். நான் பேச வேண்டியதை எழுதி சட்டைப் பையில் வைத்திருந்தேன். 'ஒரு வருடம் முன்பு நானும் ஒரு முடிவு எடுத்தேன்' என்று ஆரம்பிக்கும். கூட்டத்தை நடத்துபவர் எத்திராஜ் அண்ணன். பஸ் டிரைவராக இருந்து ரிட்டயர் ஆனவர். குடியை விட்டுப் பத்தொன்பது வருஷம். கேக் வெட்டியாயிற்று. மெடலை நான்தான் பிரிட்டோவின் உள்ளங்கையில் வைத்தேன். அவன் என் காலைத் தொட்டுக் கும்பிட்டான். அப்புறம் பரிசையும் கொடுத்தேன்.

"இன்னா பிரிட்டோ, சும்மா வச்சுகினு கீற? பிரிச்சுக் காட்டு. எல்லாரும் பாத்துகினு கீறோம்ல" என்றார் எத்திராஜ் அண்ணன்.

பிரிட்டோ சிரித்துக்கொண்டே ஒரு மூலையைக் கிழித்தான். ஜிகினாப் பேப்பரோடு சேர்ந்து பிரவுன் ஷீட்டும் கிழிந்தது. உள்ளேயிருந்து கறுப்பு அட்டையும் அதன் மேல் நாலு தங்க எழுத்துகளும் எட்டிப் பார்த்தன. பக்கத்தில் நின்ற எனக்கும் அவனுக்கும் மட்டும்தான் தெரிந்தது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஆபீஸ் நண்பர் ஹரிபிரசாத் எட்டு மாதம் முன்பு சிங்கப்பூரிலிருந்து வாங்கி வந்த விஸ்கியின் பெட்டி அது. பாட்டிலை ஆபீஸிலேயே வைத்துக்கொண்டு, பெட்டி அழகாக இருக்கிறதே என்று வீட்டுக்குக் கொண்டுவந்தேன். ரேஷ்மா கண்ணில் படக் கூடாதென்று பிரவுன் ஷீட் போட்டேன். அவள் கண்ணில் படவே இல்லை. என் கண்ணிலிருந்தும் மறைந்துபோகிற அளவுக்கு நன்றாகப் போட்டிருக்கிறேன்.

பிரிட்டோவின் கை நின்றுவிட்டது. கிழிந்த இடத்தைக் கட்டை விரலால் மூடிக்கொண்டு, "வீட்ல போய்ப் பிரிக்கிறேண்ணா. மாமா ஆசையா பேக் பண்ணியிருக்காரு, கிழிக்க மனசு வரல" என்றான். குரலில் ஒரு பிசிறு இல்லை. மறைப்பதில் பதினைந்து வருஷ அனுபவம் உள்ளவன். என்னைக் கோபமாகப் பார்த்திருந்தால் தேவலை. ஆஸ்பத்திரி வரிசையில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரைப் பார்க்கிற மாதிரி பார்த்தான். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து பெட்டியை மடியில் வைத்துக்கொண்டான்.

எனக்கு முதலில் வந்தது நிம்மதிதான். வெட்கமில்லாமல் சொல்கிறேன், தப்பித்தோம் என்றுதான் நினைத்தேன். என்னைப் பேசக் கூப்பிட்டார்கள். மைக் முன்னால் போய்ப் பேப்பரைப் பிரித்தேன். இரண்டாவது வரிசையில் ரேஷ்மா செல்போனில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தாள். பிரிட்டோவைப் பார்த்தேன். அவன் பெட்டியை இரண்டு கையாலும் பிடித்திருந்தான். மெதுவாக ஒரு தடவை தூக்கிப் பார்த்தான். கனம் பார்க்கிறான்.

உள்ளே ஃபிளாஸ்க் இருப்பது அவனுக்குத் தெரியாது. பாட்டில் உயரம், பாட்டில் கனம், விஸ்கிப் பெட்டி. ஒரு வருஷமாகத் தொடாத சாமானை, தனக்கு மெடல் கொடுத்த அதே கை தன் மடியில் வைத்துவிட்டதாக அவன் நினைத்துக்கொண்டிருக்கிறான். அதை வீட்டுக்கும் கொண்டுபோகப் போகிறான்.

"பிரிட்டோ, அது ஃபிளாஸ்க்டா!" என்று மைக்கிலேயே கத்திவிட்டேன். "டீ ஃபிளாஸ்க். பெட்டி மட்டும்தான் அது."

ஹாலில் எல்லோரும் திரும்பினார்கள். "பொட்டின்னா, இன்னா பொட்டி சார்?" என்று கேட்டார் எத்திராஜ் அண்ணன்.

"விஸ்கிப் பெட்டி" என்றேன். ரேஷ்மாவின் செல்போன் மெல்லக் கீழே இறங்கியது. அதற்கு மேல் பேப்பரைப் படிக்க முடியவில்லை. "நான் நிறுத்தினேன்னு சொன்னது... முழுசா இல்ல. நடுவுல ஒரு தடவை... ரெண்டு தடவை ஆயிடுச்சு."

"இப்ப வுட்டு எத்தினி நாளு?"

"ஒரு மாசம் இருக்கும்" என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

ஹாலில் எல்லோரும் கை தட்டினார்கள். நான் எழுதி வைத்திருந்த பேச்சுக்கு அதில் பாதிகூட வந்திருக்காது. ஒரு பெரியவர் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். ரேஷ்மா கை தட்டவில்லை. பிரிட்டோ பெட்டியைத் திறந்து நீல ஃபிளாஸ்க்கை வெளியே எடுத்து, மூடியைத் திருகி, உள்ளே மோந்து பார்த்துவிட்டு, நீளமாக மூச்சு விட்டான். பிறகு அதைத் தலைகீழாகத் திருப்பி அடிப்பக்கத்தையே கொஞ்ச நேரம் பார்த்தான்.

கூட்டம் கலைந்து, சர்ச் காம்பவுண்டில் காருக்குப் பக்கத்தில் நாங்கள் நாலு பேரும் நின்றோம். இன்னும் வெளிச்சம் இருந்தது. பிரிட்டோதான் பேசினான்.

"ரெண்டு தடவைன்னு நானும் சொல்லியிருக்கேன் மாமா. அக்கா கிட்ட, அருள்மேரி கிட்ட, ஃபாதர் கிட்டகூட. எல்லாரும் ரெண்டுன்னுதான் ஆரம்பிப்பாங்க." ஃபிளாஸ்க்கின் அடியை என் பக்கம் திருப்பினான். ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம். இருபத்திரண்டு வருஷ பர்சேஸ் மேனேஜர் பெட்டியை மாற்றினானே தவிர, அடியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைப் பார்க்கவில்லை. "இன்னொண்ணு எங்க?"

"கார்ல" என்றேன்.

"காலியா?"

ரேஷ்மா கையை நீட்டினாள். சாவியைக் கொடுத்தேன். அவள் டிரைவர் பக்கக் கதவைத் திறந்து, சீட்டுக்கு அடியில் சொருகியிருந்த கறுப்பு ஃபிளாஸ்க்கை எடுத்து மூடியைத் திருக ஆரம்பித்தாள். உடனே பிரிட்டோ பின்வாங்கினான். கேட் வரைக்கும் போய், முகத்தை ரோட்டுப் பக்கம் திருப்பிக்கொண்டு நின்றான். அந்த வாசனை காற்றில் வந்துவிடக் கூடாதென்று ஓடுகிறான். என்னைப் பார்த்து ஓடுகிறான்.

ரேஷ்மா அதைச் சாக்கடையில் கவிழ்த்தாள். முழுசாகச் சொட்டி முடியும் வரை பிடித்திருந்தாள். நான் கேட்டுக்குப் போனேன்.

"பன்னண்டாவது நாள்லருந்து நான் நிறுத்தவே இல்லடா" என்றேன்.

"நான் கடை வாசல்ல நின்னு போன் பண்ணேனே, அன்னைக்கு?"

"அன்னைக்கும்."

அவன் சர்ச் படியில் உட்கார்ந்துவிட்டான். மெடலை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தான். "கை நடுங்கும்போதெல்லாம், மாமாவும் இப்ப இப்படித்தான் கஷ்டப்பட்டுனு இருப்பாருன்னு நெனச்சுக்குவேன். அதான் தாங்குச்சு" என்றான். "அப்ப நான் தனியாத்தான் நின்னேனா?"

அருள்மேரி வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டாள். "தனியாவேதான் நின்னிருக்கீங்க" என்று அவனிடம் சொன்னாள். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. அவன் ரொம்ப நேரம் கழித்துத் தலையாட்டினான். பிறகு இருவரும் பைக்கில் கிளம்பிப் போனார்கள். நீல ஃபிளாஸ்க் அருள்மேரியின் பையில் இருந்தது. விஸ்கிப் பெட்டி என் கையில் இருந்தது.

மறுநாள் சாயங்காலம் ஆபீஸிலிருந்து நேராக வீட்டுக்கு வந்தேன். பார்க்கிங்கில் ஐந்து நிமிஷம்கூட நிற்கவில்லை. லேப்டாப் பையைக் கையோடு எடுத்து வந்தேன். ரேஷ்மா அந்தப் பெட்டியைத் தங்க எழுத்து தெரிகிற மாதிரி டி.வி. பக்கத்தில் வைத்திருந்தாள். சார்ஜர்களைத் திரும்ப அதற்குள்ளேயே போட்டிருந்தாள். எதிரே உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். ஏழு அடித்தது. போன் வரவில்லை. ஏழு ஒன்று, ஏழு இரண்டு. வராது என்று எனக்கே தெரியும். ஆனாலும் போனைக் கையில் பிடித்துக்கொண்டேதான் இருந்தேன். உள்ளங்கை வியர்த்தது. நாக்கு வறண்டது. இதைத்தான் அவன் முந்நூற்று அறுபத்தைந்து நாள் தாண்டியிருக்கிறான்.

ஏழு நாலுக்கு போன் அடித்தது.

"மாமா, எனக்கு இன்னைக்கு ஆச்சு" என்றான். பின்னால் ஏரிக்கரை நாய்கள் குரைத்தன. "உங்களுக்கு?"

வழக்கமான பதில் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. ரேஷ்மாவின் கத்தி நின்றது.

"இன்னும் ஆகலடா" என்றேன். "நாள் முடிய அஞ்சு மணி நேரம் இருக்கு. தாங்குமான்னு தெரியல."

அவன் ஃபிளாஸ்க்கைத் திறந்து ஊற்றுகிற சத்தம் கேட்டது.

"அப்ப வைக்காதீங்க. லைன்லயே இருங்க" என்றான். "நான் இன்னும் ஒரு சுத்து நடக்கிறேன்."